பத்தாம் வசனம்

மல்கியா தீர்க்கதரிசியின் புத்தகம் சின்னது. நாலே அதிகாரம், 55 வசனம். பழைய ஏற்பாட்டின் கடைசியில் ஒண்டுக்குடித்தனம். அந்த 55 பேரில் ஒருவருக்குத்தான் நம் சபைகளில் வேலை கிடைத்திருக்கிறது: மூன்றாம் அதிகாரம், பத்தாம் வசனம். தசமபாகத்தைக் கொண்டுவந்து கொட்டினால் வானத்து ஜன்னல்கள் திறக்கும் என்று சொல்கிற அந்த வசனத்துக்கு ஞாயிறு தவறாமல் டியூட்டி. கன்வென்ஷன் வந்தால் ஓவர்டைம். டிவி ஊழியத்தில் திரையின் அடியில் ஜிபே எண்ணோடு சேர்ந்து ராத்திரி பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. மற்ற 54 வசனங்களும் நன்றாகப் படித்த பிள்ளைகள்தாம். சிபாரிசு இல்லாததால் வீட்டில் உட்கார்ந்திருக்கின்றன.

வெளியாள் எவனோ எழுதிவிட்டான் என்று ஜெபக்குழுவில் கண்டனத் தீர்மானம் போட வேண்டாம். நான் நெல்லைச் சீமைக் கிறிஸ்தவன். ஞானஸ்நானம் ஆயிற்று, திடப்படுத்தல் ஆயிற்று, சங்கச் சந்தா பாக்கி கிடையாது. ஆகவே திட்டுவதற்கு எனக்கு முழு உரிமை உண்டு.

தசமபாகப் பிரசங்கம் முடிந்ததும் பின்வரிசையிலிருந்து எப்போதும் ஒரு கேள்வி வரும். மாதச் சம்பளக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்பார்: “மொத்தச் சம்பளத்துலயா பாஸ்டர், பிடித்தம் போக கைக்கு வர்றதுலயா?” அரசாங்கம் பிடிப்பதற்கு முன்னால் ஆண்டவர் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் இதுவரை நான் கேட்ட எல்லாப் பதில்களின் சாரமும். போனசுக்கு உண்டா? உண்டு. சீட்டு விழுந்தால்? உண்டு. பூர்வீக நிலம் விற்றால்? அதற்கு அவசியம் உண்டு, பாஸ்டரே வீட்டுக்கு வந்து ஜெபித்து வாங்கிப் போவார். பாங்கில் வாங்கிய கடனுக்கும் பத்தில் ஒன்று உண்டு என்று பிரசங்கித்தவரையும் கேட்டிருக்கிறேன். வட்டியை யார் கட்டுவது என்று அவர் சொல்லவில்லை.

இவர்கள் யாரும் உபாகமம் 14ஆம் அதிகாரத்தைத் திறப்பதில்லை. திறந்தால் வம்பு. விளைச்சலில் பத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு, குடும்பத்தோடு போய், ஆண்டவர் முன்னால் உட்கார்ந்து சாப்பிடு என்கிறது அது. ஊர் தூரமா? விற்றுக் காசாக்கிக்கொண்டு போ, அங்கே ஆடு மாடு வாங்கு, மது வேண்டுமானால் அதையும் வாங்கு, வீட்டாரோடு சந்தோஷமாய் இரு என்கிறது. மூன்றாம் வருஷத்துப் பங்கை ஊர் வாசலிலேயே வைத்துவிட வேண்டும். நிலமில்லாத லேவியனும் பரதேசியும் தகப்பனில்லாப் பிள்ளையும் விதவையும் வந்து வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். நம்மூர் அசனப் பண்டிகையில், சோற்றுப் பந்தியில் சாதி மதம் பாராமல் ஊரே உட்காரும் அந்த ஒரு மத்தியானத்தில், இந்தச் சட்டம் கொஞ்சம் மூச்சு விடுகிறது. மற்ற நாளெல்லாம் லேவியன் மட்டும் சாப்பிடுகிறான். விதவை பில் கட்டுகிறாள்.

பரிசேயரை இயேசு திட்டும்போது வெந்தயத்திலும் சீரகத்திலும்கூடப் பத்தில் ஒன்று எடுத்து வைத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டீர்களே என்றார். பரிசேயர் பாவம், அஞ்சறைப்பெட்டியோடு நின்றார்கள். நம்மவர்களுக்கு மளிகைக்கடையே வேண்டும்.

இந்த வியாபாரத்துக்கு மூலச் சரக்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. ‘விதை’ காணிக்கை என்ற சரக்கைப் பிரபலப்படுத்தியவர் ஓரல் ராபர்ட்ஸ். 1987இல் இவர் 80 லட்சம் டாலர் சேராவிட்டால் ஆண்டவர் தன்னை எடுத்துக்கொள்வார் என்று டிவியில் அறிவித்தார். கடவுளைப் பிணைக்கைதி பிடிக்கிறவன் ஆக்கிய முதல் தொலைக்காட்சி நிகழ்ச்சி அதுவாகத்தான் இருக்கும். ஜனங்கள் பயந்து கொடுத்தார்கள். 2015இல் இன்னொருவர் 6.5 கோடி டாலர் விலையுள்ள கல்ஃப்ஸ்ட்ரீம் விமானம் வாங்கித் தரச் சொல்லி விசுவாசிகளிடம் கேட்டார். அவர் பெயர் கிரெஃப்லோ டாலர். குடும்பப் பெயரே டாலர்தான், நான் வைத்ததில்லை. 2018இல் ஜெஸ்ஸி டுப்ளாண்டிஸ் 5.4 கோடி டாலரில் ஒரு ஜெட் கேட்டார். ஏற்கெனவே மூன்று வாங்கியவர், இது நாலாவது. இன்றைக்கு இயேசு இருந்தால் கழுதையில் போகமாட்டார் என்று காரணமும் சொன்னார். எருசலேமுக்குள் கழுதையில் போனபோதும் ஊரில் குதிரைகள் இருந்தன என்பது அவருக்குத் தெரியாது போலும்.

நம் ஊழியக்காரர்கள் இன்னும் ஜெட்டுக்கு வரவில்லை. இன்னோவாவில் நிற்கிறது. ஆனால் விதை வியாபாரம் அப்படியே இங்கேயும் இறங்கிவிட்டது. ஆயிரம் விதைத்தால் லட்சம் அறுக்கலாம், கர்ப்பத்துக்கு ஒரு விதை, விசாவுக்கு ஒரு விதை. கோவில்பட்டிப் பக்கத்து உளுந்து விவசாயி வாங்கிய விதை முளைக்காவிட்டால் பில்லோடு நுகர்வோர் மன்றத்துக்குப் போய் நஷ்டஈடு கேட்கலாம். ஊழியத்தில் வாங்கிய விதை முளைக்காவிட்டால் குற்றம் நிலத்தின் மேல். உன் விசுவாசம் குறைவு, உன் வீட்டில் மறைவான பாவம் இருக்கிறது, இன்னொரு மூட்டை விதை. புற்றுநோய் வந்த மனுஷிக்குச் சுகம் கிடைக்காததோடு, சாகும்போது தன் விசுவாசம்தான் போதவில்லை என்ற பழியையும் தலையில் ஏற்றி அனுப்புகிறார்களே, இதற்கு எந்த மன்றத்தில் வழக்குப் போடுவது?

பத்தாம் வசனத்திலிருந்து ஐந்து படி மேலே ஏறினால் மூன்றாம் அதிகாரம் ஐந்தாம் வசனம். அங்கே கடவுளே சாட்சிக் கூண்டில் ஏறுகிறார். கூலிக்காரனின் கூலியைப் பிடித்து வைத்துக்கொள்கிறவன், விதவையையும் திக்கற்றவனையும் ஒடுக்குகிறவன், பரதேசிக்கு நியாயம் மறுக்கிறவன், இவர்களுக்கு விரோதமாக நானே வேகமாய் வந்து சாட்சி சொல்வேன் என்கிறார். சூனியக்காரனையும் விபசாரனையும் சேர்த்த அதே பட்டியலில் கூலி பிடித்தவனும் இருக்கிறான். சூனியத்துக்கு எதிராக உபவாசக் கூட்டம் வாரம் ஒன்று நடக்கிறது. கூலிக்கு எதிராக என்று தவறிச் சொல்லிவிட்டேன், கூலிக்காக ஒரு கூட்டம் நடந்து நான் கண்டதில்லை.

எப்படி நடக்கும்? முன்வரிசையில் ஜவுளிக்கடை அண்ணாச்சி உட்கார்ந்திருக்கிறார். நல்ல மனிதர், உபகாரி, காலையில் வேதம் வாசிக்காமல் கல்லாவைத் திறக்கமாட்டார். கோயிலின் சலவைக்கல் பிரசங்க பீடம் அவர் உபயம், ‘அன்புப் பெற்றோர் நினைவாக’ என்று பொன்னெழுத்தில் பொறித்திருக்கிறது. மின்விசிறிகளும் அவருடையவைதான், இறக்கையில் பெயர் உண்டு. விசிறி ஓடினால் பெயர் தெரியாது, அதனாலோ என்னவோ பாதி விசிறிகள் ஓடுவதில்லை. அவர் கடையில் காலை ஒன்பதரைக்கு ஏறி நிற்கிற பெண்பிள்ளைகள் ராத்திரி பத்து மணிக்குத்தான் இறங்குவார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் சூப்பர்வைசர் சீட்டு கிழிப்பார். கால் நரம்பு சுருண்டு, கணுக்கால் வீங்கிய பிள்ளைகள் அத்தனை பேரும் சுற்றுவட்டாரக் கிராமத்துச் சபைகளின் பிள்ளைகள், அதில் சிலர் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி டீச்சர்கள். கடைசியில் 2021இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் கடைகள் சட்டத்தைத் திருத்தி, வேலையாளுக்கு உட்கார இடம் கொடு என்று சொல்ல வேண்டியிருந்தது. மல்கியா சொல்லிக் கேட்காததைத் தொழிலாளர் துறை சொல்லி, அதுவும் அரைகுறையாகத்தான் கேட்டார்கள். பிரசங்கம் பண்ணுகிறவருக்குச் சலவைக்கல், புடவை எடுத்துப் போடுகிற பிள்ளைக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இல்லை. அண்ணாச்சி சாட்சி சொல்லும்போது, ஒரு கடை நாலு கடை ஆனது பத்தாம் வசனத்தின் பலன் என்பார். ஐந்தாம் வசனத்தின் பலனும் வருமே அண்ணாச்சி என்று கேட்க அங்கே யாருக்கும் நாக்கு எழாது. கிறிஸ்துமஸ் கேக் அவர்தான் கொடுக்கிறார்.

இரண்டாம் அதிகாரத்திலும் ஒரு பத்தாம் வசனம் உண்டு. நம் எல்லாருக்கும் தகப்பன் ஒருவர்தானே, பின்னே ஏன் சகோதரனுக்குத் துரோகம் செய்கிறோம் என்று கேட்கிற வசனம். தமிழ்த் திருச்சபை இந்தக் கேள்விக்கு 200 வருஷமாக வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் கலகம். தனிப் பந்தியும் தனி இருக்கையும் போய்விடுமே என்று சபையை விட்டே போனவர்கள் உண்டு. அதற்கு முன்பே புதிய மிஷனரிகள் சாதி வழக்கத்தில் கை வைத்தபோது, நாம் கொண்டாடும் தஞ்சைக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரே வழக்கத்தின் பக்கம் நின்றுதான் எழுதினார். அவர் கீர்த்தனைகளைப் பாடும்போது எனக்கும் நெஞ்சு உருகும். அதற்காக இதை மறைக்க முடியாது.

இப்போது பந்தி ஒன்றுதான், பாத்திரமும் ஒன்றுதான். சாதி போனது எங்கே? கல்யாண விளம்பரத்துக்குப் போயிற்று. மறுபடியும் பிறந்த, அபிஷேகம் பெற்ற, ஊழிய பாரமுள்ள மணமகள் தேவை, அதே இனம் மட்டும். மறுபடியும் பிறந்தது சரி, எந்தச் சாதியில் பிறந்தார்கள்? முதல் தடவை பிறந்த அதே சாதியில். இரண்டு பிரசவத்துக்கும் ஒரே ஆஸ்பத்திரி!

தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுக்கிற 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைக்கு எதிராக ஒவ்வோர் ஆகஸ்ட் 10ஆம் தேதியும் சபைகள் கறுப்பு நாள் அனுசரிக்கின்றன. நியாயமான போராட்டம், நானும் கறுப்புத் துணி கட்டியிருக்கிறேன். ஆனால் மதம் மாறினாலும் சாதிக் கொடுமை மாறவில்லை என்பதுதானே நம் வாதம்? அந்த வாதத்துக்குச் சாட்சியம் தேடி டில்லிக்கு மனுக் கொண்டுபோவானேன்? கமிஷன்காரர்களைக் கூப்பிட்டு நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் யாரை எந்த மூலையில் புதைத்திருக்கிறோம் என்று காட்டினால் போதுமே.

மல்கியாவில் நாள்காட்டியில் அச்சிடத் தகுந்த வசனம் இன்னொன்று இருக்கிறது. இரண்டாம் அதிகாரம், மூன்று. ஆசாரியர்களைப் பார்த்துக் கடவுள் சொல்கிறார்: உங்கள் பண்டிகைப் பலிகளின் சாணத்தை உங்கள் மூஞ்சியிலேயே அப்புவேன், அதோடு சேர்த்து உங்களையும் வெளியே தள்ளுவார்கள். இதைப் புதுவருஷ வாக்குத்தத்தக் கார்டாக அடித்து, ரோஜாப்பூ படம் போட்டு, ஜனவரி முதல் தேதி ராத்திரி ஆராதனையில் திருமண்டல அலுவலகத்துக்கு மட்டும் விநியோகிக்கலாம் என்பது என் தாழ்மையான யோசனை.

திருமண்டலத் தேர்தலைப் பார்த்தவர்களுக்கு இந்த யோசனை மிகையாகப் படாது. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பரிசுத்த ஆவியானவர் அணி அணியாகப் பிரிந்து இறங்குகிறார். லே செயலர் அணி, எதிரணி, இரண்டிலும் சீட் கிடைக்காதவர்கள் தொடங்கும் சீர்திருத்த அணி. பெருமன்ற உறுப்பினர்களை வேன் வைத்து அள்ளிக்கொண்டு போய் விடுதியில் தங்கவைத்து, பிரியாணி போட்டு, வேதத்தின் மேல் சத்தியம் வாங்கி ஓட்டுக்கு அழைத்துவருகிறார்கள். இத்தனை பாடும் எதற்கு? ஆத்தும பாரம் என்று நம்புகிறவர்கள் அடுத்த பத்தியைப் படிக்க வேண்டாம்.

அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரிகளில் ஆளை எடுப்பது சபை நிர்வாகம், சம்பளம் கொடுப்பது அரசாங்கம். உலகத்தில் இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு கிடையாது. ஒரு போஸ்டிங்குக்கு என்ன ரேட் என்று திருமண்டல அலுவலகத்தில் கேட்டால் கோபப்படுவார்கள். எதிர்த்த டீக்கடையில் கேட்டால் சொல்வார்கள். ஏழை உபதேசியார் மகள் பி.எட். முடித்து, தகுதித் தேர்வும் பாஸ் பண்ணி, ‘ஆண்டவர் சித்தம்’ என்று பத்து வருஷமாக டியூஷன் எடுக்கிறாள். ஆண்டவர் சித்தமாவது மண்ணாவது, அம்மா! உன் அப்பாவிடம் விற்க வயல் இல்லை, அவ்வளவுதான் சமாச்சாரம்.

சகோதரனுக்கு எதிராகச் சகோதரன் அவிசுவாசிகளின் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று பவுல் கொரிந்தியரிடம் வெட்கப்பட்டுக் கேட்டார். நாம் முன்சீப் கோர்ட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை கேஸ் போட்டுப் பதில் சொல்லிவிட்டோம். 1947இல் நாலைந்து மிஷன் சபைகள் ஒன்றுகூடி உலகமே வியந்த தென்னிந்தியத் திருச்சபையின் சினாட் நிர்வாகத்தைக் கவனிக்க, 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நியமித்தது. உலகத்தை நியாயந்தீர்க்கப் போகிறவர்கள் பரிசுத்தவான்கள் என்பதும் பவுல் அப்படிக் கேட்ட அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது.

இந்த மண்ணில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். 1806இல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே, சம்பளம் வந்த கையோடு இல்லாதவர்களுக்குப் பங்கிட்டுவிட்டு உருப்படியான ஒரு கோட்டுகூட இல்லாமல் திரிந்தவர். 1816இல் இங்கிருந்து புறப்பட்டார். அப்புறம் எங்கே எப்படி இறந்தார் என்பதே தெளிவாகத் தெரியாது. இப்போது கன்வென்ஷன் போஸ்டரில் ‘அப்போஸ்தலர் டாக்டர்’ தன் முகத்தை எட்டடிக்கு அடித்து, மூலையில் தபால்தலை அளவில் இயேசுவுக்கு இடம் கொடுக்கிறார். வெள்ளாளன்விளை அசரியா 1903இல் நண்பர்களோடு இந்திய மிஷனெரிச் சங்கத்தைப் பாளையங்கோட்டையில் தொடங்கியபோது வெளிநாட்டுக் காசு வேண்டாம் என்றார்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைத்த பனையேறிகள் வீட்டுப் பெண்களை நம்பிக் கிளம்பியவர்கள் அவர்கள். அந்தப் பெண்களுக்கு வானத்து ஜன்னல் எதுவும் திறந்ததாகத் தெரியவில்லை, கூரை ஓட்டை வழியாக மழைதான் வந்தது. ஆனாலும் போட்டார்கள். அந்தக் கலயத்தின் பேரர்கள்தாம் இன்று அணி கட்டி நிற்கிறார்கள்.

மிச்சம் இருப்பது முதலாம் அதிகாரத்துப் பத்தாம் வசனம். ஆலயக் கதவைக் கூலி வாங்காமல் பூட்டுகிறவன் உங்களில் எவன் என்று ஆசாரியர்களைப் பார்த்துக் கடவுள் கேட்கிறார். கடவுளுக்கு இதற்குப் பதில் தெரியாமல் இருக்காது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: எங்கள் கோயில்குட்டி.

விடியக்காலை நாலரைக்கு முதல் மணி அடிப்பவர் அவர். பெருக்குவது, பாய் விரிப்பது, மெழுகுவர்த்தி, பூ, பாட்டு எண் பலகை, சாவுக்கு மணி, கல்லறைத் தோட்டத்தில் குழிக்கு அளவெடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மாதம் ஆறாயிரம், அதுவும் தவணையில். பி.எஃப். கிடையாது, ஏனென்றால் இது வேலை இல்லையாம், ஊழியமாம். சபைப் போதகரான ஐயரும் செய்வது ஊழியம்தான், அவருக்கு மட்டும் சம்பள விகிதம், வீடு, ஓய்வூதியம் எல்லாம் எப்படி என்று கேட்டால் நீ பிரிவினைக்காரன்.

அறுப்பின் பண்டிகை முடிந்த சாயங்காலம் கமிட்டி அறையில் பண மேசை. ஒரு பூசணிக்காய் பதினோராயிரத்துக்கு ஏலம் போயிருந்தது, அண்ணாச்சிதான் எடுத்தார். நூறு நூறாகக் கட்டி ரப்பர்பேண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். கோயில்குட்டி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“என்னவே?”

“மூணு மாசப் பாக்கி இருக்கு, ஐயா. மவளுக்குக் காலேஜு பீஸு கட்டணும்.”

“இன்னைக்குப் பண்டிகைக் கணக்கு ஓடுதுல்லா. அது வேற பண்டு, இது வேற பண்டு.”

“வட்டிக்கு வாங்கிருக்கேன்யா.”

“ஆண்டவர் பாத்துக்கிடுவாரு. நாங்களும் ஜெபத்துல வச்சிக்கிடுதோம்.”

பக்கத்திலிருந்த பொருளாளர் தலையைத் தூக்காமலே ‘ஆமென்’ என்றார். எண்ணிக்கை விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

அன்றைக்குக் கமிட்டி புது ஒலிபெருக்கி வாங்க எட்டு லட்சம் ஒதுக்கியது. பழையதில் பிரசங்கம் பின்வரிசை வரைக்கும் எட்டவில்லையாம். மினிட்ஸ் புத்தகம் பச்சை மையில் அழகான கையெழுத்து. தீர்மானம் ஆறு: ஒலிபெருக்கி, ஏகமனதாக. தீர்மானம் ஏழு: கோயில்குட்டியின் விண்ணப்பம் ஜெபத்துடன் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது. தீர்மானம் எட்டு: ஒலிபெருக்கி விலை உயர்ந்த பொருளானபடியால், பிரதிஷ்டை வரை கோயில்குட்டி இரவில் ஆலயத்திலேயே படுத்து அதைக் காவல் காக்க வேண்டியது, களவு போனால் அவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளப்படும்.